எத்தனை குடம்

டைரியின் கடைசிப் பக்கத்தில் கட்டம் போட்டேன்.
தண்ணீர், பள்ளிக்கூடம், வேலைக்கு எத்தனை நிமிடம்,
அட்வான்ஸ், நாய்.
நாய், மகிழினி சொல்லிச் சேர்த்தது.
இருக்க வேண்டுமா, கூடாதா என்று
அவளே இன்னும் முடிவு செய்யவில்லை.

ஞாயிறுதோறும் ஒரே ஸ்கூட்டரில் நாலு பேர்.
சின்னவன் முன்னால் நின்றுகொண்டு
வேகத்தடைகளை எண்ணுவான்.
சுடலைமணிக்கு கங்கைகொண்டான் சிப்காட்டில் மூன்று ஷிப்ட்,
எனக்கு ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரியில் பிரசவ வார்டு.
இரண்டுக்கும் நடுவில் ஓர் ஊர்,
பிள்ளைகள் சைக்கிள் பழக ஒரு தெரு,
அவ்வளவுதான் என்று கிளம்பினோம்.

தாழையூத்தில் வீடு பெரிது, வாடகை கம்மி.
ஜன்னல் கம்பியில் விரலை இழுத்து
மாவும்மா என்றான் ஆதன்.
அடித்தேன் ஒரு கோடு.

கேடிசி நகரில் மொட்டைமாடி வரை கூட்டிப்போய்
ஆற்றுத்தண்ணி எது, போர்த்தண்ணி எது என்று
இரண்டு குழாயையும் திறந்து காட்டினார்.
குடித்துக்கூடப் பார்த்தோம்.
இறங்கும்போது கேட்டார்:
சாருக்குச் சொந்த ஊரு எங்கனக்குள்ள?
கயத்தாறு பக்கம்.
பக்கம்னா?
சொன்னார் இவர்.
அதுல எந்தத் தெரு?
அதையும் சொன்னார்.
மகன் துபாயில இருந்து வாரேன்னு சொல்லியிருக்கான், பாப்போம்
என்றபடி, சொட்டிக்கொண்டிருந்த குழாயை
இறுக்கி மூடினார்.

ரெட்டியார்பட்டியில்
மலையைப் பிளந்து போன சாலையில் ஆடிக்காற்று
வண்டியை ஒருபக்கமாகத் தள்ளியது.
வீட்டுக்கார அம்மா பிள்ளைகளின் பெயரைக் கேட்டாள்.
மகிழினி, ஆதன்.
கொஞ்ச நேரம் யோசித்தாள்.
பெயரில் ஒன்றும் பிடிபடவில்லை.
தாத்தா பேரு என்ன மக்கா? என்று
குனிந்து கேட்டாள், ஆதனிடம்.
பிடிபடக் கூடாதென்றுதானே
பத்து ராத்திரி உட்கார்ந்து அந்தப் பெயர்களைத் தேடினோம்.
அவன் தாத்தா பெயரைச் சத்தமாக,
இனிஷியலோடு சொன்னான்.

பிறகு ஒரு வெள்ளிக்கிழமை, லீவு போட்டுவிட்டு
ஒரு பள்ளிக்கூட வாசலில் நின்றேன்,
பேர் வேண்டாம்.
மணி அடித்தது.
ஐஸ்வண்டியைச் சுற்றி நீண்டன கைகள்.
பெரிய வகுப்புப் பையன்களின் மணிக்கட்டில்
கயிறு, கயிறாக.
ஒரே நிறக் கைகள் ஒன்றாகவே நீண்டன.
அம்மா, எனக்கு எந்தக் கலர்?
என்றாள் மகிழினி.
எனக்குத் தெரியும்.
வா, வெயில் அடிக்கு என்றேன்.

பிறந்த பிள்ளையின் கையில்
முதல் பட்டையைக் கட்டுகிறவள் நான்.
தாயின் பெயர், நம்பர், நேரம், எடை.
கழுவியும் கழுவாத அந்தக் கை
பட்டைக்குள் வழுக்கிக்கொண்டே இருக்கும்.
இதை அந்த வாசலில் யாரிடம் சொல்ல.

முன்னீர்பள்ளம், கட்டத்தில் தோற்ற ஊர்.
கங்கைகொண்டானுக்குத் தூரம், ராத்திரி பஸ் இல்லை,
குறுக்கே படுத்திருந்தது ஒரு நாய்.
சொர்ணத்தம்மாள் மோட்டாரைக் கழற்றிப் போட்டு
முழங்கை வரை கிரீஸோடு உட்கார்ந்திருந்தாள்.
நாளைக்கு எத்தன குடம் பிடிப்பிய?
எட்டு என்றேன்.
ரெண்டு பிள்ளேள வச்சுக்கிட்டு எட்டா?
பன்னண்டு ஆகும், பொய் சொல்லாதம்மா.
ராத்திரி டூட்டின்னா கேட்டுச் சாவி ஒண்ணு
தனியா வச்சுக்கிடு, என்னைய எழுப்பாத.
நான் அடுத்த கேள்விக்காக நின்றேன்.
திருப்புளியை எடுத்துக்குடு என்றாள்.

பால் காய்ச்சி மூன்று மாதம்.
இவர் நாலரைக்கே எழுந்து வண்டியை உதைக்கிறார்,
முதுகு வலி என்கிறார், ஊரை மட்டும் குறை சொல்வதில்லை.
மகிழினி ஒன்றாம் வகுப்பு.
ஆறாம் வகுப்புக்கு இன்னும் ஐந்து வருடம்
என்று எண்ணுகிறேன், வேகத்தடைகளைப் போல.

படியில் செருப்புச் சத்தம் கேட்டால்
இப்போதும் கையைத் துடைத்துக்கொண்டு
எழுந்து நிற்கிறேன்.
நேற்றும் வந்தாள்.
வாசலில் நின்று மூச்சு வாங்கினாள்.
ஆங், ஒண்ணு கேக்கணும்னு நெனச்சேன் என்றாள்,
மறந்துபோச்சு என்று
இறங்கிப் போனாள்.